எடுத்துக்காட்டு வாக்கியம்

மே 4

தண்டனைக் கைதிகள் இருக்கும் மூன்றாம் பிளாக்குக்கு என்னை மாற்றி ஒரு வாரம் ஆகிறது. வந்த அன்றே முறைப்படி என்னை அறிமுகம் செய்துகொண்டேன். பெயர் சொக்கநாதன், பட்டிமன்ற நடுவர், தஞ்சை வட்டாரத்தில் என் குரல் கேட்காத கோயில் திருவிழா கிடையாது, அரசு வேலை வாங்கித் தருவதில் ஏற்பட்ட ஒரு சிறிய நிர்வாகத் தாமதத்தை நீதிமன்றம் மோசடி என்று எழுதிவிட்டது. எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். நான் முடித்ததும் எதிரே உட்கார்ந்திருந்தவர் பீடியை வாயிலிருந்து எடுத்து, “மைக்செட்டு” என்றார். அவ்வளவுதான், அன்று முதல் என் பெயர் அதுதான்.

பெயர் வைத்தவர் எபனேசர். காசிமேட்டுக்காரர், ஆயுள் தண்டனை. யார் எங்கே படுப்பது என்பதிலிருந்து யாருக்குப் பெரிய கோழித் துண்டு என்பது வரை இங்கே அவர் வைத்ததுதான் சட்டம். என் பக்கத்துப் பாய் வீரபாகுவுடையது. திருநெல்வேலிப் பக்கத்து ஆள், கோயில் கொடையில் நடந்த வெட்டுக்குத்தில் உள்ளே வந்தவன். தீபாவளி விடுப்பில் ஊருக்குப் போய் வந்தான். மனைவி இப்போது மாசமாக இருக்கிறாள். அந்தச் செய்தியை ஒரு நாளைக்கு நான்கு முறையாவது என்னிடம் சொல்கிறான்.

இவர்கள் பேசுவதைத் தமிழ் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிறை இவர்களுக்கு மாமியார் வீடு. புதிதாக வருகிறவன் புது மாப்பிள்ளை. சோதனை போட ஆள் வந்தால் கச்சேரி. தண்டனை அறை தனி பங்களா. சாம்பாருக்குக் கண்ணாடி என்று பெயர், குனிந்தால் முகம் தெரிகிறது என்பதால். கடைசி ஒன்றை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை.

மே 9

ஜெயிலர் நல்லபெருமாள் கூப்பிட்டு அனுப்பினார். படித்த மனிதர் என்பது பேச்சிலேயே தெரிகிறது. அதிகாரிகள் மாநாட்டில் சிறைக் கொச்சை மொழி பற்றி ஒரு கட்டுரை வாசிக்கப் போகிறாராம். “இவனுங்க பேசறது எனக்குப் பாதி புரியல, சொக்கநாதன். நீங்க உள்ள இருந்துக்கிட்டே சேகரிச்சுக் குடுங்க. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு லீவு கேட்டிருக்கீங்கல்ல, நான் நல்லா எழுதி அனுப்பறேன்” என்றார்.

யாழினிக்கு ஆவணியில் முகூர்த்தம். பெற்ற தகப்பன் இருக்கும்போது வேறு எவனோ தாரை வார்ப்பதா? ஆயிரம் மேடையில் பேசியவனுக்குச் சொந்த மகளின் மணமேடையில் நிற்க இடமில்லை என்றால் ஊர் சிரிக்கும். எப்படியாவது அந்த விடுப்பு கிடைத்தாக வேண்டும்.

சேகரிப்புக்கு முறை ஒன்று வேண்டும் என்று ஜெயிலரிடம் எடுத்துச் சொன்னேன். சொல், பொருள், எடுத்துக்காட்டு வாக்கியம். வாக்கியம் இல்லாத சொல் உப்பில்லாத பண்டம் என்றேன். அவர் மகிழ்ந்துபோய், கைதிகளுக்கு ஞாயிறுதோறும் நல்ல தமிழ் வகுப்பு எடுக்கும் பொறுப்பையும் என் தலையில் கட்டினார்.

மே 17

என் மனைவி மங்கை இந்த வாரமும் மனுவுக்கு வரவில்லை. பார்க்க வருகிறவர்கள் மனு எழுதிக் கொடுத்துக் காத்திருப்பதால் சந்திப்புக்கே இங்கே மனு என்று பெயர். கல்யாண வீட்டுக்காரிக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

மே 24

நெசவுக் கூடத்தில் வேலை பார்த்த ஒரு முதியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இன்று எபனேசர் வந்து, “பெர்சுக்கு மேல்கோர்ட்டு ஜாமீன் குட்த்துட்ச்சி” என்றார். நான் கைதட்டிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. வீரபாகு என் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, “அண்ணாச்சி, ஆளு போயிட்டாரு” என்றான்.

இறந்தார் என்ற நேரான சொல் இருக்கும்போது ஏன் இந்தச் சுற்று வழி என்று எபனேசரைக் கேட்டேன். “செத்துட்டான்னு சொன்னா அவன் மட்டுமா சாவுறான்? நாங்களும் இங்கதான கீறோம்” என்றார். இலக்கணப்படி இது பதிலே அல்ல. ஆனாலும் குறித்துக்கொண்டேன்.

ஜூன் 3

இன்று ஒரு முக்கியமான சொல் கிடைத்தது. குளிக்கும் இடத்தில் எபனேசர் வீரபாகுவிடம், “கொயந்தைக்குப் பால் குட்த்தியா?” என்று கேட்டார். வீரபாகுவுக்குக் குழந்தை பிறந்துவிட்டது என்று நினைத்து அவன் கையைக் குலுக்கி, மகவு நீடூழி வாழ்க என்று வாழ்த்தினேன். குளித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் தலையில் சோப்பு நுரையோடு சிரித்தார்கள்.

வீரபாகுதான் விளக்கினான். குழந்தை என்றால் கைபேசி. பால் என்றால் சார்ஜ். பிளாக்குக்கே ஒன்றுதான் இருக்கிறது. முறை வைத்துப் பேசுகிறார்கள். “பேருகாலத்துக்கு அவ ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு எனக்குத்தான் மொத முறைன்னு அண்ணன் சொல்லிட்டாரு. புள்ள அழுகத மட்டும் கேட்டாப் போதும் அண்ணாச்சி” என்றான். பிறகு, “நீரும் வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசும்” என்று மேற்குக் கழிவறைக்குக் கூட்டிப் போய்த் தன் முறையை எனக்குக் கொடுத்தான்.

யாழினிதான் எடுத்தாள். “அப்பா பேசுகிறேன் அம்மா” என்றேன். “ராங் நம்பர்” என்று சொல்லி வைத்துவிட்டாள். சிக்னல் மோசம். ஊரே அறிந்த குரல், பாவம், அவளுக்குப் பிடிபடவில்லை. வீரபாகுவும், “இந்தச் சொவரு பக்கம் சிக்னல் கெடக்காது அண்ணாச்சி” என்றுதான் சொன்னான். மறுபடி போட்டுத் தரட்டுமா என்று அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூன் 12

சேகரிப்பின் முதல் பகுதியை ஜெயிலரிடம் ஒப்படைத்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருப்பதாகச் சொன்னார். ‘குழந்தை’ என்ற சொல்லை அவர் இரண்டு முறை படித்தார்.

ஜூன் 14

காலையில் கதவு திறந்த கையோடு கச்சேரி வந்தது. வழக்கமாக வார்டர்கள் பாயை உதறி, சட்டியைக் கவிழ்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து அரை நாளை ஓட்டுவார்கள். இன்று அப்படியெல்லாம் மெனக்கெடவில்லை. நேராக மேற்குக் கழிவறைக்குப் போய், உடைந்த தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய கைபேசியை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். எபனேசரும் வீரபாகுவும் தனி பங்களாவுக்குப் போனார்கள். வீரபாகு போகும்போது திரும்பிப் பார்த்தான். என்னைத்தான் பார்த்தானா, எனக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்தானா, தெரியவில்லை.

எனக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். நான் கொடுத்தது ஒரு சொல், அதன் பொருள், ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். ‘குழந்தை மேற்குக் கழிவறையின் உடைந்த தொட்டியில் தூங்குகிறது.’ எங்கே தூங்குகிறது என்று சொல்லாவிட்டால் அந்த வாக்கியம் மொட்டையாக நிற்கும். மொழி தெரிந்த எவனும் அப்படி எழுதமாட்டான். அதை ஒருவர் துப்பாக எடுத்துக்கொண்டால் ஆசிரியர் என்ன செய்ய முடியும்?

ஜூன் 15

ஜெயிலர் தன் அறையில் டீ கொடுத்தார். சர்க்கரை அளவாக இருந்தது.

ஜூலை 2

இருவரும் திரும்பி வந்தார்கள். வீரபாகு இளைத்துவிட்டான். எபனேசருக்குத் தாடி நரைத்திருக்கிறது. நலம் விசாரிக்கலாம் என்று கொஞ்சம் தயக்கத்தோடுதான் போனேன். திட்டுவார்கள், அடிக்கக்கூட அடிப்பார்கள் என்று எதிர்பார்த்ததை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

எபனேசர் எழுந்து நின்று இரு கை கூப்பினார். “வணக்கம் ஐயா. தாங்கள் நலமாக உள்ளீர்களா?” என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. ‘உள்ளீர்களா’ என்பதில் ளகரம் அவ்வளவு சுத்தம். ஞாயிறு வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்ட மனிதர் இவர். தனிமை ஒருவரை எப்படியெல்லாம் பண்படுத்துகிறது.

ஜூலை 9

பிளாக் முழுவதும் தொற்றிக்கொண்டது. “ஐயா, சற்றே நகர்ந்து அமர இயலுமா?” “ஐயா, தண்ணீர் தீர்ந்துவிட்டது. வருந்துகிறோம்.” “ஐயா, தங்கள் பாய் நனைந்திருப்பதற்கான காரணத்தை நாங்கள் அறியோம்.” இதுதான் இப்போது என் காதில் விழும் பேச்சு. மைக்செட் என்று ஒருவரும் கூப்பிடுவதில்லை. கண்ணாடி, கச்சேரி, பங்களா எதுவும் இல்லை. ஒரு பட்டிமன்ற நடுவர் தனி ஆளாக ஒரு பிளாக்கையே திருத்தியிருக்கிறார் என்று யாராவது எழுதினால் தேவலை.

ஒரு சிறு குறை. நான் போய் உட்கார்ந்ததும் எல்லாரும் நல்ல தமிழில் இரண்டு வாக்கியம் பேசிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். தள்ளிப் போய்ச் சிரிக்கும்போது பழைய பேச்சு காதில் விழுகிறது. அதில் பல சொற்கள் எனக்குப் புதியவை.

ஜூலை 20

வீரபாகுவுக்கு மனு வந்தது. அவன் மைத்துனன் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கேன்டீனில் ஆரஞ்சு மிட்டாய் வாங்கி ஒவ்வொருவர் வாயிலும் போட்டுக்கொண்டே வந்தான். எபனேசர் அவனைத் தூக்கிச் சுற்றினார். என் முறை வந்ததும் வாயில் போடவில்லை. காகிதத்தோடு கையில் கொடுத்தான்.

“இனிப்பு எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. அடியேனுக்கு ஆண் மகவு பிறந்து பத்து நாட்கள் ஆகின்றனவாம்.”

‘ஆகின்றனவாம்.’ கண்ணால் காணாமல் பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும்போது அந்த ‘ஆம்’ சேர்ப்பதுதான் மரபு. சரியாகத்தான் சொன்னான். மிட்டாயை இன்னும் பிரிக்கவில்லை.

ஜூலை 23

ஜெயிலர் இரண்டாம் பகுதியைக் கேட்கிறார். “மொதல் பகுதி பிரமாதம். இன்னும் அந்த மாதிரி நாலு போடுங்க. உங்க லீவு ஃபைல் என் மேஜையிலதான் இருக்கு” என்றார். அந்த மாதிரி நாலுக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் ஒருவர்கூடக் கொச்சை பேசுவதில்லை. கொச்சையை ஒழித்ததற்காக இப்படி அல்லாடும் முதல் தமிழாசிரியன் நானாகத்தான் இருப்பேன்.

ஜூலை 26

உட்கார்ந்து நானே எழுதிவிட்டேன். ஒரு மொழியில் இவ்வளவு ஊறியவனுக்கு நாலு சொல் உண்டாக்குவது பெரிய காரியமா? ‘அத்தை’ என்றால் பொருட்கிடங்கு. ‘சீமந்தம்’ என்றால் மூட்டைக்குள் கடத்தல் பொருளைப் பதுக்குவது. எடுத்துக்காட்டு: ‘அத்தை வீட்டில் அரிசி மூட்டைகளுக்குச் சீமந்தம் நடந்தது.’ நயமாக வந்திருக்கிறது. இவர்களுக்கே தோன்றியிருக்காது.

ஆகஸ்ட் 6

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆய்வுக்கு டி.ஐ.ஜி. வந்திருந்தார். நல்லபெருமாள் தன் மொழியறிவைக் காட்ட இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று முடிவு செய்துவிட்டார். “இவனுங்க பாஷைய வச்சே சரக்கைப் புடிச்சிடுவேன் சார், பாருங்க” என்று அவரைப் பொருட்கிடங்குக்கு அழைத்துப் போனார். விளக்கம் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டார். ‘சீமந்தம்’ பற்றி நான் இரண்டு நிமிடம் பேசினேன். டி.ஐ.ஜி. தலையாட்டினார்.

முதல் வரிசை மூட்டையைக் கத்தியால் கிழித்தார்கள், அரிசி கொட்டியது. இரண்டாம் வரிசையைக் கிழித்தார்கள், உமி. மூன்றாவதும் உமி. அதற்குப் பின்னால் இருந்த அத்தனையும் உமி. கடத்தல் பொருள் என்று ஒரு பீடித்துண்டுகூட இல்லை, அரிசியும் இல்லை. அது எப்போதோ வெளியே போய் விலையாகிவிட்டது. கிடங்குப் பொறுப்பில் இருந்த வார்டர் நல்லபெருமாளைப் பார்த்தார். நல்லபெருமாள் என்னைப் பார்த்தார். நான் உமியைப் பார்த்தேன்.

“இந்த வார்த்தைய உங்களுக்கு யார் சொன்னது?” என்று டி.ஐ.ஜி. கேட்டார். நானே உண்டாக்கினேன் என்றால் முதல் பகுதியையும் சந்தேகிப்பார்கள். “மக்கள் வழக்கு ஐயா” என்றேன்.

ஆகஸ்ட் 7

பொருட்கிடங்கு விவகாரம் பிளாக்கில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டின் அளவு குறைவதன் காரணம் இப்போதுதான் இவர்களுக்குப் புரிந்ததாம். நியாயமாக என்னைத் தோளில் தூக்கியிருக்க வேண்டும். “தங்கள் பணி மகத்தானது ஐயா” என்று எபனேசர் சொல்லிவிட்டுப் பீடி பற்றவைக்கப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 16

நல்லபெருமாளுக்கு மாற்றல். கட்டுரையையும் கொண்டுபோய்விட்டார். என் ஃபைலைப் புதிய ஜெயிலர் மேஜையில் வைத்துவிட்டுப் போனதாக எழுத்தர் சொன்னார்.

என் மைத்துனர் தபாலில் கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருக்கிறார். நல்ல தடித்த அட்டை, மயில் படம். அழைப்பவர் இடத்தில் மங்கையர்க்கரசி என்று மட்டும் இருக்கிறது. இந்தக் காலத்து அச்சகங்களில் பிழை திருத்த ஆள் வைத்துக்கொள்வதே இல்லை.

ஆகஸ்ட் 29

விடுப்பு இல்லை என்று பதில் வந்துவிட்டது. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்குப் போய் விசாரித்தாராம். ‘கைதியின் வருகையைக் குடும்பத்தார் விரும்பவில்லை’ என்று ஒரு வரி. வேறு யார் வீட்டுக்கோ போயிருப்பார். எங்கள் தெருவில் இலக்கங்கள் ஒழுங்காக இருக்காது.

புதிய ஜெயிலரிடம் அப்படியே சொன்னேன். அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். கீழே மங்கையின் கையெழுத்து இருந்தது. யாழினியுடையதும் இருந்தது.

செப்டம்பர் 4

இன்று முகூர்த்தம். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள்.

விடிந்ததிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். பத்திரிகையில் மண்டப மேலாளரின் எண் இருக்கிறது. எத்தனையோ நிகழ்ச்சிக்கு என்னை அந்த மேடையில் ஏற்றிய மனிதர். ஒரு நிமிடம் போனை மேடைப் பக்கம் திருப்பிப் பிடித்தால் கெட்டிமேளம் கேட்கும். நான் பேசக்கூட வேண்டாம். பேசினால்தானே ராங் நம்பர்.

பிளாக்குக்கு வேறு ஒன்று வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். வீரபாகு சில நாளாகக் குளிக்கும் இடத்தில் சுவரைப் பார்த்து நின்று தாலாட்டுப் பாடுகிறான். ஆனால் அதற்கு இப்போது என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

எபனேசரிடம் போனேன். குரலைத் தாழ்த்தி, “குழந்தை விழித்திருக்கிறதா?” என்றேன்.

“குழந்தையா? இவ்விடம் குழந்தைகள் எவரும் இல்லையே ஐயா” என்றார்.

“கைபேசி. கைபேசியைத்தான் கேட்கிறேன்.”

“அது தடை செய்யப்பட்ட பொருளாயிற்றே ஐயா. தாங்கள் அறியாததா?”

மணி ஒன்பதே முக்கால். அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். “எபனேசரு, எம் பொண்ணுக்குக் கல்யாணம்ங்க இன்னிக்கி. நான் பண்ணுனது தப்புதாங்க. அந்த லீவுக்காகத்தாங்க எழுதிக் குடுத்தேன், தெரிஞ்சேதான் எழுதிக் குடுத்தேன். மேளச் சத்தம் மட்டும் ஒருக்கா கேட்டுக்கிறேங்க” என்றேன். இப்படி நான் பேசி எத்தனையோ வருஷம் இருக்கும்.

வீரபாகு எழுந்து சுவர்ப் பக்கம் போகப் பார்த்தான். எபனேசர் கையை நீட்டி அவனை உட்கார வைத்தார். பிறகு என் பக்கம் குனிந்து, இரண்டு மாதமாக என்னிடம் பேசாத தன் சொந்தப் பேச்சில் சொன்னார்.

“இவனுக்குப் புள்ள பொறந்தது மனுவுலதான் தெரிஞ்சிச்சி, பத்து நாள் கயிச்சி. மொத அய்கைய அவன் கேக்கவே இல்ல. நீயும் மனு வர்ற வரிக்கும் குந்திக்கினு இரு.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என்னை எழுப்பி உட்கார வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். என்னிடம் மனிதர் மாதிரிப் பேசிவிட்டாரே என்று ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பத்தரை மணி அடித்தது. யாழினிக்குத் தாலி ஏறியிருக்கும்.

மனு வருகிற வரைக்கும் என்றார். தீர்ப்பு சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரு மனுவும் வந்ததில்லை. அது அவருக்கும் தெரியும்.